பின்பக்கம் மண்ணாகவே இருக்கட்டும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கமும் கல்வராயன் மலையடிவாரத்திலும் புதுவீடு கட்டிக்கொண்டிருக்கும் சொந்தங்களுக்கு,



கச்சிராயபாளையம் சாலையில் இரண்டு பக்கமும் வீட்டு வேலை நடக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் ஒரு வீடு. பார்க்கவே மனம் நிறைகிறது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய பிறகு, ஊருக்குத் திரும்பி வந்து வாழலாம் என்ற நம்பிக்கையும் பலருக்கு வந்திருக்கிறது. வாருங்கள். ஊர் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

வீட்டின் முன்பக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எலிவேஷன், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் உங்கள் விருப்பம். என் வேண்டுகோள் பின்பக்கத்தைப் பற்றியது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தபின், கடைசி வேலையாக மேஸ்திரி வந்து கேட்பார்: "பின்னாடி மண்ணா கெடந்தா பூச்சி பொட்டு வரும் சார். கையோட காரை போட்டு மூடிடலாமா?" நீங்களும் தலையாட்டி விடுவீர்கள். கிணற்றடியில் நிற்கும் முருங்கையும் வேலியோரத்துக் கொடுக்காப்புளியும் குப்பை கொட்டுகின்றன என்று வெட்டுப்படும். சுற்றிலும் ஏழடி காம்பவுண்டு எழும்பும். அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் இந்த மடலைப் படித்துவிடுங்கள்.

நாம் வாழும் இடம் சாதாரண இடமில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு நம் வீடுகளுக்கு மேற்கே நிற்கிறது. மலைக்காடு இறங்கி முடிகிற இடத்தில் கோமுகி அணை, அதைத் தாண்டினால் கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம், நெல். காடும் கழனியும் ஏரியும் இப்படிக் கைகோத்து நிற்கும் இடத்தில், இரண்டு பக்கத்து உயிர்களும் வந்து போகும். பட்டணத்தில் இருப்பவர்கள் பணம் கட்டி, கார் பிடித்து, விடுதியில் தங்கிப் பார்க்கிற பறவைகளில் பாதி, நம் கொடியில் காயும் துணி மேல் வந்து உட்காருகின்றன. பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தால் போதும்.

விடிவதற்கு முன்பே, இருட்டு கலையாத நேரத்தில், மின்கம்பியில் இருந்து கரிச்சான் குரல் கொடுக்கும். அடுத்து எங்கோ புதருக்குள் இருந்து செம்போத்தின் ஆழமான "ஊப்... ஊப்..." கேட்கும். வெளிச்சம் வந்ததும் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஏழெட்டு சேர்ந்து சருகைக் கிளறிக்கொண்டு, ஓயாமல் சளசளத்துக்கொண்டு, மாமரத்தடியில் இருந்து வாழையடிக்குப் போகும். அந்தச் சத்தம் திடீரென்று மாறி, எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால், அங்கே பூனையோ பாம்போ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தெருப் பெண்கள் அந்தக் குரலை வைத்தே குழந்தைகளை உள்ளே கூப்பிடுவார்கள்.

தையல்சிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமல் ஒரு குழந்தை வளர்ந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கட்டைவிரல் அளவு உடம்பு, தூக்கிய வால், செம்பழுப்புத் தலை. எங்கள் தோட்டத்து அத்திக் கன்றில், இடுப்பு உயரத்தில், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்தது. முதலில் இலையின் ஓரத்தில் அலகால் வரிசையாகத் துளை போடும். துளை சிறியதுதான், இலை கிழியாது. அப்புறம் பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ கொண்டுவந்து ஒரு துளையில் விட்டு, மறு இலையின் துளை வழியே இழுக்கும். முடிச்சுப் போடுவதில்லை. இழையின் நுனி துளைக்கு வெளியே பிரிந்து பொங்கி நிற்கும், அதுவே இலையை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். பை தயாரானதும் உள்ளே பஞ்சு வைத்து மெத்தை போடும். சின்னசேலம் பக்கம் பருத்தி வெடிக்கும் காலத்தில் அதற்குப் பஞ்சுக்கும் பஞ்சமில்லை. ஏறத்தாழ 12 நாள் அடைகாத்து, அடுத்த இரண்டு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். இத்தனையும் துணி துவைக்கும் கல்லில் இருந்து பத்தடி தூரத்தில் நடந்தது. நாம் கிட்டே போய் இலையை விலக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலைச் செடி இல்லாத வீடு நம் பக்கம் கிடையாது. அதன் இலையில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாமல் உற்றுப் பாருங்கள். அது மெல்ல நகரும். கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழு அது. பறவை தன்னைத் தின்னாமல் இருக்க எச்சத்தின் வேடம் போட்டிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் தோலை உரித்து, இலை நிறத்துக்கு மாறிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும். கூடவே ஒரு நெடி அடிக்கும். ஒரு செடிக்கு நாலைந்து புழு இருந்தால் ரசத்துக்குத் தாளிக்க இலை குறைந்துபோகாது. பெண் பூச்சியில் சில, பறவைகள் தின்ன விரும்பாத வேறொரு பட்டாம்பூச்சியின் சிறகை அப்படியே நகலெடுத்திருக்கும். டார்வினோடு பரிணாமக் கொள்கையைச் சொன்ன ஆல்பிரட் ரசல் வாலஸ் 1860-களில் இந்த இனத்தையும் எடுத்துக்கொண்டு இந்த நகலைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் கப்பலேறிப் போய்ப் பார்த்தது நம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பறக்கிறது.

மழைக்காலத்தில் ஓர் ஈசல் இரவைப் பார்த்தால் காரை போடும் எண்ணமே போய்விடும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மாலையில், மண்ணில் விரல் நுழையும் அளவுக்குத் துளை திறந்து, ஈசல் புகைபோல் கிளம்பும். அந்தி வெளிச்சத்தில் கரிச்சானும் மைனாவும் பறந்து பிடிக்கும். இருட்டியதும் விளக்கடியில் பல்லிகள் கூடும். பானை அடியிலும் செங்கல் இடுக்கிலும் பகலெல்லாம் அடங்கிக் கிடந்த தேரைகள் ஒவ்வொன்றாக நடந்து வந்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். புளியமரப் பொந்தில் இருந்து புள்ளி ஆந்தை ஜோடி இறங்கி வரும். எதிரே இருப்பவரைப் பார்த்துத் தலையை மேலும் கீழுமாக ஆட்டும். ஆந்தையால் கண்ணை உருட்ட முடியாது, தலையை அசைத்துத்தான் தூரத்தை அளக்கிறது. ஈசலை வறுத்துப் பொரியில் கலந்து தின்னும் பழக்கம் நம் ஊர்களிலும் உண்டு, ஆகவே அந்த இரவு விருந்தில் நமக்கும் இலை போட்டிருக்கிறது. சிமென்ட் தளத்தில் இருந்து ஈசல் கிளம்பாது.

ஆந்தை என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அலறினால் சாவு விழும் என்பார்கள். கூகை என்னும் வெண்ணாந்தையை இன்னும் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். அது இரவு முழுக்க எலி பிடிக்கிறது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த, கூகைக்கென்றே பெட்டிக் கூடு செய்து கம்பத்தில் நட்டு வைக்கிறார்கள். மக்காச்சோளமும் நெல்லும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கும் நாம், வீடு தேடி வரும் கூகையை விரட்டுகிறோம். அதோடு கடையில் எலி மருந்து வாங்கி வைக்கிறோம். அந்த மருந்தைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் செத்துப்போகிறது. இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை.

ஐப்பசி வாக்கில் ஒரு விருந்தாளி வரும். ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஒரே உடம்பில். இரவில் பறந்து வரும் களைப்பில் சில சமயம் வீட்டு வெளிச்சத்தில் மயங்கி, சுவரில் மோதி, வாசலில் விழுந்து கிடக்கும். அப்படிக் கிடந்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்ததும் பகல் வெளிச்சத்தில் புதர் நிழலில் விட்டுவிடுங்கள். அது சருகுக்குள் புழு தேடுகிற பறவை. பின்பக்கத்தில் சருகு இருந்தால் பங்குனி வரைக்கும் உங்களோடு தங்கும்.

இனிப் பாம்புக்கு வருகிறேன். மேஸ்திரி "பூச்சி பொட்டு" என்றது அதைத்தானே. உங்கள் பயத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர். பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்துக்காரர்கள். ஆனால், காரை போட்டால் பாம்பு வராது என்பதை மட்டும் நம்பாதீர்கள். பாம்பு மண்ணைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. சமையல் கழிவைப் பின்சுவரோரம் கொட்டி, விறகையும் பழைய ஓட்டையும் படுக்கையறை ஜன்னலடியில் அடுக்கி வைத்தால், டைல்ஸ் போட்ட வீட்டுக்கும் அது வரும்.

நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படுவது சாரை. நஞ்சில்லாதது, நீளமானது, வேகமானது. பார்த்தவுடன் அடித்துவிடுகிறோம். மாட்டு மடியில் பால் குடிக்கும், வாலில் விஷம் வைத்திருக்கும், நல்ல பாம்போடு சேரும் என்று எத்தனை கதைகள். எந்தப் பாம்புக்கும் பாலை உறிஞ்சிக் குடிக்கும் வாயமைப்பு கிடையாது. வரப்பில் இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பதைப் பார்த்து, சாரையும் நாகமும் இணைசேர்கிறது என்று அவற்றின் மேல் வேட்டியை எடுத்துப் போடுவார்கள். அவை இரண்டுமே ஆண் சாரைகள். யார் பெரியவன் என்று மல்லுக்கட்டுகின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், ஒன்றையொன்று கடிக்காமல் தலையை அமுக்கித் தரையில் சாய்க்கப் பார்க்கும். தோற்றது விலகி ஓடிவிடும். இப்படி ஒரு காட்சி வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை வாய்க்கும்.

உயிரைப் பறிக்கும் நஞ்சுள்ளவை முக்கியமாக நாலு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றின் நஞ்சில் இருந்துதான் கடிக்கான மருந்தே செய்கிறார்கள். அந்த நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் 1978-இல் தொடங்கிய, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்த மக்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இருட்டில் பின்பக்கம் போனால் டார்ச் எடுங்கள். வெறும் தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் கொசுவலையைக் கட்டிச் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. வலியும் தெரியாது, தடமும் சரியாகத் தெரியாது. கடித்தால் கீறிவிடுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேரை அரைத்துக் குடிப்பதும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்புக்குத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டால் வந்து பிடித்துப் போவார்கள். தோட்டத்தில் தன் வழியில் போகும் பாம்பைப் போக விடுங்கள்.

எல்லாம் இன்பம் என்றும் சொல்ல மாட்டேன். மயில் பெருகிவிட்டது. விதைத்த மணிலாவைக் கிளறிப்போடுகிறது, நாற்றை மிதிக்கிறது. அதை நம்பிப் பிழைக்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. குரங்கு வந்தால் ஓட்டுக்கூரை போச்சு. மலைச்சாலையில் வண்டியை நிறுத்தி பிஸ்கட் போடுகிறவர்கள்தான் குரங்கைக் கெடுக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். மரநாய் ஓர் இரவில் பப்பாளியைப் பாதி தின்றுவிட்டுப் போகும். போகட்டும். ஆனால் காட்டுப்பன்றிக்கென்று வேலியில் திருட்டு மின்சாரம் விடுவது வேறு. அதில் நரியும் கீரியும் சாகின்றன, விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகும் மனிதர்களும் சாகிறார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இத்தனைக்கும் பெரிய நிலம் வேண்டுமோ என்று நினைப்பீர்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஜெனிபர் ஓவன் என்ற விலங்கியலாளர் வாழ்ந்தார். புல்தரை, காய்கறிப் பாத்தி, பூச்செடி என்று எல்லார் வீட்டையும் போன்ற தோட்டம்தான், இருபது சென்டுக்கும் குறைவு. 1972-இல் தொடங்கி 30 ஆண்டுகள் அங்கே வந்த உயிர்களைக் குறித்து வைத்தார். நடுவில் நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. கடைசிக் கணக்கு 2,673 இனங்கள், அதில் 1,997 பூச்சி வகை. குளிர்நாட்டு நகரத்துத் தோட்டத்தில் இவ்வளவு என்றால், கல்வராயன் அடிவாரத்தில் எவ்வளவு இருக்கும் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா? நம் பள்ளிப் பிள்ளைகள் எண்ணலாம். நம் மொழியிலும் இதற்கு முன்னோடி உண்டு. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டைச் சுற்றி வரும் காக்கையையும் அணிலையும் எழுதினார். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை அவர் பத்தி வந்தது.

ஊரே சேர்ந்து ஓர் உயிருக்கு இடம் கொடுத்த கதைகளும் நமக்குத் தூரமில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் இருந்தும் ஊர்மக்கள் அவற்றை வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்ததாகவே நினைக்கிறார்கள். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருட்டில் நடந்தார்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நான் உங்களிடம் கேட்பது மிகச் சிறியது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் பாதியையாவது மண்ணாக விடுங்கள். துவைக்கும் கல்லைச் சுற்றி, நடைபாதைக்கு, காரை போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. வீட்டுச் சுவரை ஒட்டிப் பத்தடி சுத்தமாக இருக்கட்டும், அதற்கு அப்பால் சருகைக் கொளுத்தாமல் விடுங்கள். நிற்கிற மரத்தை வெட்டாதீர்கள். புதிதாக வைப்பதென்றால் நாவல், அத்தி, புங்கன், நெல்லி வையுங்கள். பின்பக்க மதிலுக்குப் பதில் நொச்சியும் ஆடாதொடையும் கிளுவையும் வைத்து உயிர்வேலி கட்டினால் ஆடும் நுழையாது, செலவும் குறைவு, புல்புல் கூடும் கட்டும். சித்திரை வெயிலில் ஏரி வற்றியதும் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், மரமிருந்தால் அதுவே வந்து பழம் தின்னும்.

தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நாலு நாள் விடுமுறையில் வீட்டுத் தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். புதுவீட்டில் நீங்கள் கொண்டாடும் முதல் பொங்கல் அன்று, பொங்கல் பொங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய் நின்று அந்தப் பட்டியலை எழுதுங்கள். அதற்கு முதலில் மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். காரை போட இன்னும் நாளிருக்கிறது, இன்றைக்கே சொன்னால் நல்லது.

அன்புடன்,
கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்து
உங்கள் ஊர்க்காரர்